‘இன்ரறெஸ்ற்’ – ஒரு சொல், ஐந்து பொருள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். சொந்த ஊரை விட்டு வந்து, உறவினர் வளவில் கொட்டில் போட்டு வாழ்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். மடித்து மடித்து நைந்துபோன ஒரு கடதாசி அவர் கையில் இருந்தது. அவருடைய காணி பற்றி ஆங்கிலத்தில் வந்த அறிவித்தல் அது. வந்து இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது.

“ஏன் அப்பு, இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“பேரன் வாசிச்சுச் சொன்னவன் சுவாமி. காணியிலை விருப்பம் உள்ள ஆக்களை வரட்டாம் எண்டு போட்டிருக்காம். என்ர காணியைக் குடுக்க எனக்கு விருப்பமில்லை. பிறகு நான் ஏன் போவான்?”

பேரன் சாதாரண தரம் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளை. அவன் பொய் சொல்லவில்லை. அறிவித்தலில் ‘இன்ரறெஸ்ற்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. அதற்கு விருப்பம், ஆர்வம் என்று பாடசாலையில் படித்திருக்கிறான். அதையே சொன்னான். ஆனால் அந்தக் கடதாசியில் அச்சொல்லின் பொருள் விருப்பம் அல்ல, உரித்து. ‘இந்தக் காணியில் உரித்து உடையவர்கள் இன்ன திகதிக்கு முன் எழுத்தில் அறிவிக்கவும்’ என்பதே அதன் கருத்து. அந்தத் திகதிக்கு நான்கு நாட்களே மிஞ்சியிருந்தன.

அன்றிரவே கடிதம் எழுதினோம். மறுநாள் உறுதியின் பிரதியையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பெரியவரின் காணி அதனால் உடனே கைக்கு வந்துவிடவில்லை. ஆயினும் ‘இந்தக் காணிக்கு உரித்தாளர் இருக்கிறார்’ என்பது பதிவாயிற்று. அவர் பேசாமல் இருந்திருந்தால், உரித்தாளர் எவரும் முன்வரவில்லை என்றே அது எழுதப்பட்டிருக்கும்.

ஒரு சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டதால் 12 பரப்புத் தோட்டக் காணி பற்றிய கோரிக்கை கைநழுவப் பார்த்தது. ஆகவே இந்த இதழின் பாடமாக அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

சொல்லின் வேர்

‘இன்ரறெஸ்ற்’ இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘இன்ரர்’ என்றால் இடையே. ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்து ‘இடையே இருத்தல்’ ஆகிறது. எனக்கும் ஒரு பொருளுக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்கிறது; அதற்கு என்ன நேர்ந்தாலும் அது என்னைப் பாதிக்கும். இதுவே வேர்ப் பொருள்.

காணிக்கும் எனக்கும் இடையே உள்ள தொடர்பு உரித்து. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே வளர்வது வட்டி. ஒருவருக்கு நன்மை தருவது அவரது நலன். ஒரு முடிவினால் ஒருவருக்கு ஆதாயம் வருமாயின் அது அவரது சொந்தச் சார்பு. மனம் ஒன்றை நாடினால் அது ஆர்வம். தமிழில் இந்த ஐந்துக்கும் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஐந்துக்கும் ஒரே சொல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாடசாலையில் முதலிற் படிக்கும் ‘ஆர்வம்’ என்ற பொருள்தான் இவற்றுள் வயதில் இளையது. அது ஆங்கிலத்தில் நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே. ஒன்றின்மீது சட்டப்படி உள்ள உரிமை என்ற பொருளோ 15ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. சட்ட மொழி பழமையை விடாது. ஆகவே காணிக் கடதாசியில் இச்சொல்லைக் கண்டால் பாடசாலைப் பொருளைச் சற்றே ஒதுக்கி வையுங்கள்.

1. ஆர்வம், விருப்பம்

இதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ‘தையல் பயிற்சியில் இன்ரறெஸ்ற் உள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்’ என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், விரும்பியவர் போகலாம், விரும்பாதவர் வீட்டில் இருக்கலாம். போகாதவருக்குப் பயிற்சி கிடைக்காது. வேறு நட்டமில்லை.

2. உரித்து

இங்கே போகாதவருக்கு நட்டம் உண்டு. எனவே சற்று நின்று பார்ப்போம்.

இலங்கையில் தனியார் காணியை அரசு பொதுத் தேவைக்கு எடுப்பதற்குரிய சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். இச்சட்டத்தில் ‘இன்ரறெஸ்ற் உடைய ஆள்’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. யார் அந்த ஆள்? சட்டமே விளக்கம் தருகிறது. காணியின் சொந்தக்காரர், பங்குக்காரர், ஈடு பிடித்தவர், குத்தகைக்காரர், அக்காணியின் மேல் வழியுரிமை போன்ற உரிமை உடையவர் ஆகியோர் அதில் அடங்குவர். மாதவாடகைக்கு இருப்பவர் அடங்கமாட்டார்.

நமது ஊர் வழக்கில் வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பழைய உறுதிகளில் ‘கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும்’ என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அண்ணன் காணியில் கிணறு; தம்பிக்கு அதிற் கால் பங்கு. தம்பி அந்தக் காணியின் சொந்தக்காரர் அல்லர். ஆனாலும் அவருக்கு அதில் ‘இன்ரறெஸ்ற்’ உண்டு. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிக்குப் பிரிக்கப்படாத பங்கு இருந்தால் அவருக்கும் உண்டு. காணியை ஒற்றிக்கு எடுத்தவருக்கும் உண்டு.

இச்சட்டத்தின்படி அறிவித்தல்கள் படிப்படியாக வரும். அவற்றின் வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

2ஆம் பிரிவு அறிவித்தல்: இந்தப் பகுதியில் காணி தேவைப்படுகிறது, ஆராய்ந்து பார்க்கப் போகிறோம் என்று சொல்வது.

4ஆம் பிரிவு அறிவித்தல்: இன்ன காணியை எடுக்க எண்ணியுள்ளோம், ஆட்சேபம் இருந்தால் எழுதித் தாருங்கள் என்று சொல்வது. இதற்குக் குறைந்தது 14 நாள் அவகாசம் தரப்பட வேண்டும்.

5ஆம் பிரிவுப் பிரகடனம்: காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என அறுதியாகச் சொல்வது.

7ஆம் பிரிவு அறிவித்தல்: ‘இன்ரறெஸ்ற்’ உடையவர்கள் தமது உரித்து எத்தகையது, எவ்வளவு நட்டஈடு கோருகிறார்கள் என்பவற்றைக் குறித்த திகதிக்கு முன் எழுத்தில் தரும்படி கேட்பது.

4ஆம் பிரிவில் ஆட்சேபம் எழுதுபவரும் ‘இன்ரறெஸ்ற் உடையவர்’தான் என்பதை மறக்கக்கூடாது. காணியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்பவரும் ‘எனக்கு இதில் உரித்து இருக்கிறது, ஆகவே ஆட்சேபிக்கிறேன்’ என்றே எழுத வேண்டும். போனால் சம்மதித்ததாகிவிடும் என்று பயந்து வீட்டில் இருப்பது பாதுகாப்பு அல்ல.

தமிழில் வரும் அறிவித்தல்களிலும் சிலவேளை ‘அக்கறையுடையோர்’ என்று காணலாம். அங்கே அக்கறை என்பது நாம் பிள்ளையின் படிப்பில் காட்டும் அக்கறை அல்ல. உரித்து என்ற பொருளிலேயே அதை வாசிக்க வேண்டும்.

இது ஏட்டுப் பாடம் மட்டுமல்ல. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் ஏறக்குறைய 6,380 ஏக்கர் காணியை எடுப்பதற்கான 2ஆம் பிரிவு அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. சொந்தக்காரர்களைக் கண்டறிய முடியவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அவர்களோ நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுச் செய்து, தாம் இருக்கிறோம் என்று காட்டினார்கள்.

2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில் வேறொரு சட்டத்தின் கீழ், அதாவது 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தின் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணி பற்றி அறிவித்தல் வந்தது. மூன்று மாதத்துக்குள் உரித்துக் கோராவிட்டால் அவை அரச காணியாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். 2025 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மூன்று மாதம் என்பது, உறுதியை இழந்து, பதிவேடுகள் அழிந்து, பிள்ளைகள் கடல் கடந்து வாழும் ஒரு குடும்பத்துக்கு மிகக் குறுகிய காலம் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

காலமும் பேசாதவருக்கு எதிராகவே ஓடுகிறது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் தனியார் காணியொன்றை 10 ஆண்டு தடையின்றி, சொந்தக்காரருக்கு எதிரான உரிமையோடு ஆண்டுவந்தால் அவர் அதைத் தமதென்று கோரலாம். போரினால் காணிக்குப் போகமுடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராக எண்ணாமல் விடுவதே அதன் நோக்கம். ஆனால் அதன்படி வழக்கு வைக்க 2 ஆண்டுகளே தரப்பட்டன. அறியாமலே அந்த வாய்ப்பை விட்டவர்கள் பலர்.

3. வட்டி

மத்திய கால ஐரோப்பாவில் கடனுக்கு வட்டி வாங்குவதைத் திருச்சபைச் சட்டம் தடுத்தது. அந்த வட்டிக்கு ‘ஊசூரா’ என்று பெயர். ஆனால் கடன் வாங்கியவர் தவணை தப்பினால், அதனால் கொடுத்தவருக்கு ஏற்பட்ட உண்மையான நட்டத்தை மட்டும் கேட்கலாம் என்று சட்ட அறிஞர் ஒப்புக்கொண்டனர். அந்த நட்டஈட்டையே ‘இன்ரறெஸ்ஸே’ என்றனர். காலப்போக்கில் நட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கும் வட்டிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் 1545இல் நூற்றுக்குப் பத்து வரை வட்டி வாங்கச் சட்டம் இடங்கொடுத்தது.

பணமாக வாங்காத வட்டியும் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் ஒற்றி இடம்பெறுகிறது. கடன் கொடுத்தவர் காணியை எடுத்து அதன் விளைச்சலை அனுபவிப்பார், அதுவே வட்டி. ஆகவே ஒற்றிக் காணியின் விளைச்சலையும் எடுத்துக்கொண்டு வட்டியும் தா என்று ஒருவர் கேட்டால், அவர் இரண்டு தரம் கேட்கிறார்.

இன்று நம் வாசலுக்கு வருவது கிழமைக் கடன். அதில் ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். இருவர் வருகிறார்கள். இருவரும் ‘ஆண்டுக்கு 24 வீதம்’ என்றே சொல்கிறார்கள். நீங்கள் 60,000 ரூபா எடுத்து, 12 மாதத்தில், மாதம் 5,000 ரூபா முதலாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம்.

முதலாமவர் முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி போடுகிறார். 60,000க்கு 24 வீதம் 14,400 ரூபா. மாதக் கட்டுப்பணம் 6,200 ரூபா.

இரண்டாமவர் மீதியாக உள்ள கடனுக்கு மட்டும் மாதம் 2 வீதம் போடுகிறார். முதல் மாத வட்டி 1,200 ரூபா. இரண்டாம் மாதம் 55,000க்கு 1,100. மூன்றாம் மாதம் 1,000. இப்படிக் குறைந்து கடைசி மாதம் 100 ரூபா. கூட்டிப் பார்த்தால் மொத்த வட்டி 7,800 ரூபா.

சொன்ன வீதம் ஒன்று. கொடுக்கும் வட்டியில் வித்தியாசம் 6,600 ரூபா. முதலாமவரின் 24 வீதம், குறையும் மீதிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 42 வீதமாகிறது. ஆகவே ‘வட்டி எத்தனை வீதம்?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘முழுத் தொகைக்கா, மீதித் தொகைக்கா? கடைசியில் மொத்தமாக எவ்வளவு கட்டுவேன்?’ என்று கேளுங்கள். அந்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

எங்கள் நாட்டுப் பொதுச் சட்டமாகிய ரோமன் ஒல்லாந்தச் சட்டத்தில், சேர்ந்துபோன வட்டி முதலை மிஞ்சலாகாது என்ற பழைய கோட்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு கடனுக்கும் இது அப்படியே பொருந்தாது. வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஆயினும் முதலைப் போல் இருமடங்கு கட்டிய பின்னும் கடன் முடியவில்லை என்றால், ஒரு சட்டத்தரணியிடம் கணக்கைக் காட்டுவது நல்லது.

4. நலன்

‘பொது இன்ரறெஸ்ற்’ என்றால் பொதுநலன். பொதுநல வழக்கு என்பதில் இந்தப் பொருளே உண்டு. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 3ஆம் உறுப்புரையும், பிள்ளைகள் பற்றிய முடிவுகளில் பிள்ளையின் நலன் முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்கிறது.

‘பொதுநலன் கருதி’ என்று ஒரு கடிதத்திற் கண்டால் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தப் பொதுமக்களின் நலன்? இப்படிக் கேட்பது குழப்பம் விளைவிப்பதாகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்க வழி செய்திருக்கிறது. காணி எதற்காக எடுக்கப்படுகிறது, திட்டம் என்ன என்று எழுத்தில் கேட்கலாம். தகவலை மறுப்பதற்குச் சட்டம் சில காரணங்களை ஏற்கிறது. ஆனால் தகவலை வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிதாக இருந்தால் மறுக்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

5. சொந்தச் சார்பு

கமக்காரர் சங்கம் ஒன்று விதை வெங்காயம் வாங்கப் போகிறது. மூன்று வியாபாரிகள் விலை கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் செயலாளரின் மைத்துனர். செயலாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். மைத்துனரின் விலையே குறைந்ததாகவும் இருக்கலாம். ஆனால் இந்த முடிவில் அவருக்கு ‘இன்ரறெஸ்ற்’ இருக்கிறது. சங்கத்தின் நலனும் குடும்பத்தின் ஆதாயமும் அவருக்குள் மோதுகின்றன.

இதற்கு மருந்து எளிது. ‘இவர் என் மைத்துனர், ஆகவே இந்த முடிவில் நான் சேரமாட்டேன்’ என்று கூட்டத்திற் சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவைத்து, அந்த நேரம் வெளியே இருப்பது. காணித் தகராற்றில் சாட்சி சொல்பவருக்கும் இது பொருந்தும். அந்தக் காணியால் எந்த ஆதாயமும் இல்லாதவரின் சாட்சிக்கே கனம் அதிகம்.

எந்தப் பொருள் என்று அறிவது எப்படி?

சொல்லைத் தனியே பார்க்காமல் அதன் அயலைப் பாருங்கள். காணி, பங்கு, உறுதி, வரைபட இலக்கம் என்பன அருகில் இருந்தால் உரித்து. வீதம், மாதம், முதல் என்பன இருந்தால் வட்டி. பொது, பிள்ளை, தேசம் என்பன இருந்தால் நலன். முடிவு, கேள்விப்பத்திரம், சாட்சி என்பன இருந்தால் சொந்தச் சார்பு. பயிற்சி, விளையாட்டு, கலை என்றால் ஆர்வம்.

அப்படியும் தெளிவில்லையென்றால், இழப்பு எந்தப் பொருளில் அதிகமோ அந்தப் பொருளையே மனத்தில் வைத்து நடவுங்கள். உரித்தை ஆர்வம் என்று எண்ணினால் காணி போகலாம். ஆர்வத்தை உரித்து என்று எண்ணினால் ஒருநாள் அலைச்சல் மட்டுமே.

கடிதம் வந்தால் செய்ய வேண்டியவை

முதலில் கடிதம் கிடைத்த திகதியை அதன் மூலையில் எழுதுங்கள். அடுத்து, கடைசித் திகதி எது என்று தேடுங்கள். பொருள் விளங்காவிட்டாலும் திகதி விளங்கும்.

ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி என்பதை 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் உறுதி செய்தது. இந்த உரிமை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆனால் தமிழ்ப் பிரதி வரும்வரை காத்திருந்து திகதியைத் தவறவிடாதீர்கள்.

உறுதி, தோம்புப் பிரதி, உத்தரவுப்பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு, எது இருந்தாலும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்றுமே இல்லாதவர்களும் பேசாமல் இருக்கக்கூடாது. அயல் காணிக்காரர் யார், எல்லை எது, கிணறு எங்கே, எந்த ஆண்டில் வெளியேறினீர்கள் என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம். வழக்குச் செலவுக்கு வழியற்றவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பேரப்பிள்ளைகள் கடிதம் வாசித்துக் காட்டினால் அவர்களைக் குறை சொல்லாதீர்கள். வாசித்த பின் ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக் கேளுங்கள்: ‘இந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டோ மோனை?’

நான் குறிப்பிட்ட பெரியவர் இப்போது எந்தக் கடதாசி வந்தாலும் முதலிற் கேட்பது, “விருப்பமோ, உரித்தோ?” என்றுதான்.

குழுப் பயிற்சி

கீழே உள்ள ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘இன்ரறெஸ்ற்’ எந்தப் பொருளில் வருகிறது என்று பேசி முடிவு செய்யுங்கள்.

அ. காணித் துண்டு இலக்கம் 14இல் இன்ரறெஸ்ற் உள்ளவர்கள் உடன் அறிவிக்கவும்.
ஆ. தவணை தப்பினால் மேலதிக இன்ரறெஸ்ற் அறவிடப்படும்.
இ. கடற்கரை வீதியை மூடுவது பொது இன்ரறெஸ்ற்றுக்கு மாறானது.
ஈ. கேள்விப்பத்திரக் குழு உறுப்பினர் தமது இன்ரறெஸ்ற்றை வெளிப்படுத்த வேண்டும்.
உ. தேனீ வளர்ப்பில் இன்ரறெஸ்ற் உள்ள இளைஞர்கள் விண்ணப்பிக்கலாம்.

கலந்துரையாட:

1. உங்கள் குடும்பக் காணியில் யார் யாருக்கு உரித்து உண்டு? கிணறு, வழி, வாய்க்கால் உட்பட ஒரு பட்டியல் எழுதுங்கள். வெளிநாட்டில் உள்ளவர்களையும் சேருங்கள்.
2. உங்கள் குழுவில் கடன் எடுத்த ஒருவரின் புத்தகத்தை, அவர் சம்மதத்துடன், எடுத்துப் பாருங்கள். வட்டி முழுத் தொகைக்கா, மீதிக்கா?
3. உங்கள் சங்கத்தில் சொந்தச் சார்பை வெளிப்படுத்தும் வழக்கம் உண்டா? இல்லையெனில் அடுத்த கூட்டத்தில் அதை எப்படித் தொடங்கலாம்?